என் தந்தையாரின் படைப்பணி

என் தந்தையார் பட்டாளத்தில் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றியவர். 1957-இல் கொடைரோடு புகைவண்டி நிலையத்தில் ஒரு தகரப் பெட்டியோடு வண்டியேறினார்; 1975-இல் அதே பெட்டியோடு அதே நிலையத்தில் வந்து இறங்கினார். இவ்விரண்டு நாட்களுக்கும் இடையில் அவர் என்ன செய்தார் என்பதை அவர் உயிரோடிருந்த காலத்தில் நான் அறியவில்லை. அறிய முயலவுமில்லை. முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் வரலாறு நடத்துகிறேன். பானிப்பட்டுப் போர்கள் மூன்றுக்கும் ஆண்டுகளை உறக்கத்திற் கேட்டாலும் சொல்வேன். ஆயினும் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மனிதர் எந்தப் போர்க்களத்தில் நின்றவர் என்று கேட்டால், விடை தெரியாத மாணவனைப் போல நிற்க வேண்டியவனாகவே இருந்தேன்.

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்டபொழுது, பிறர் வரலாற்றை எழுதாமல் இதனையே எழுதத் துணிந்தேன்.

அறியாமைக்குக் காரணம் வெட்கமே. அதை மறைப்பதிற் பயனில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும். “அப்பா, நீங்கள் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?” என்று கேட்டேன். “நான் சுடவில்லை. பாலம் போட்டேன், பாதை வெட்டினேன்” என்றார். அதை நான் பள்ளியிற் சொல்ல, ஊர்த்தெருப் பையன்கள், “இங்கே வெட்டுகிற மண்ணைத்தான் அங்கே போயும் வெட்டினாரா?” என்று சிரித்தார்கள். அன்று முதல் அவரிடம் பட்டாளத்தைப் பற்றி நான் பேசியதில்லை. அவரும் வலிய வந்து சொல்லும் இயல்பினர் அல்லர்.

அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, வீட்டைப் பிரித்துக் கட்டும்பொழுது தகரப் பெட்டியைத் திறந்தேன். படையிலிருந்து விடுவித்த டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, நாடா நைந்த பதக்கங்கள், உருளை வடிவத் தொப்பியணிந்த ஒரு புகைப்படம், நான்கைந்து கடிதங்கள் இருந்தன. தேடல் அங்கே தொடங்கிற்று.

புத்தகத்தில் ‘சாப்பர்’ என்றும், பின்னர் ‘நாயக்’ என்றும் எழுதியிருந்தது. சாப்பர் என்பது பொறியாளர் படையின் சாதாரண வீரனைக் குறிக்கும் சொல். அவர் சேர்ந்தது மெட்ராஸ் சாப்பர்கள் என்று வழங்கும் படைப்பிரிவு. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் அதன் தலைமையிடம் உள்ளது. அதன் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது நம் மக்களின் வரலாறாகவும் இருப்பதைக் கண்டேன்.

1780-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சென்னைக் கோட்டையில் இரண்டு ‘பயனீர்’ கம்பெனிகளாக அப்படை தோன்றியது. படைக்கு முன்னே சென்று காடு வெட்டிப் பாதை அமைப்பது, ஆற்றைக் கடக்க வழி செய்வது, கோட்டை மதிலின் அடியிற் சுரங்கம் தோண்டுவது ஆகியவை அதன் தொழில். ஸ்ரீரங்கப்பட்டினம், சீனா, அபிசீனியா, எகிப்து, மெசபொட்டேமியா என்று அவர்கள் சென்ற இடங்கள் நீள்கின்றன. அதில் நம் ஆதிதிராவிட மக்கள் பெருந்தொகையாகச் சேர்ந்திருந்தனர். ஊரில் ஆண்டைக்கு வெட்டிய அதே மண்வெட்டிக்கு அங்கே சம்பளமும் சீருடையும் எழுத்தறிவும் கிடைத்தன. எழுத்தறிவு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப்பள்ளியில் ஆசிரியராயும் இருந்தவர். அண்ணல் 1891-இல் பிறந்ததும் மாவ் என்னும் படை முகாமிலேதான். பள்ளிக்கூட வாயில் அடைத்திருந்த காலத்தில் பாசறையின் வாயில் சிறிது திறந்திருந்தது.

அந்த வாயிலையும் பின்னர் அடைக்க முயன்றனர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் பிரபு, போர்க்குணமுள்ள இனங்கள், அஃதில்லாத இனங்கள் என்று மக்களைப் பிரித்தவர்களுள் முதன்மையானவர். தென்னாட்டார் போருக்கு உதவார் என்பது அவர் கருத்து. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. மகர் மக்களையும் சேர்க்காமல் நிறுத்தினர். சென்னைப் பயனீர் படையும் 1933-இல் கலைக்கப்பட்டது. சாப்பர்களை மட்டும் கலைக்க முடியவில்லை. பாலம் இல்லாமல் எந்த வீர இனமும் ஆற்றைக் கடக்க முடியாதன்றோ!

பயனீர் படையைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்லித் தீரவேண்டும். நிலக்கோட்டைக்குத் தெற்கே வைகையாற்றின் பேரணையிலிருந்து பெரியாற்று நீர் கால்வாயில் ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பென்னிகுவிக் துரையின் பெயரை நன்றியோடு சொல்கிறோம், சொல்ல வேண்டியதே. ஆனால் 1887-இல் பெரியாற்று அணை வேலையைத் தொடங்கியபொழுது மலைக்காட்டில் இறங்கியவர்கள் சென்னைப் பயனீர் படையின் முதலாம், நான்காம் பட்டாளத்து வீரர்கள். அவர்கள் பெயர்களை நாம் சொல்வதில்லை. நமக்குத் தெரியாது.

பெயர் தெரியாமற் போவது சிறிய செய்தியன்று. முதல் உலகப் போரில் மெசபொட்டேமியாவில் மடிந்தோருக்காகப் பாஸ்ராவில் எழுப்பிய நினைவகத்தில், ஆங்கிலேயப் போர்வீரர்களுக்குத் தனித்தனியே பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையும் மட்டுமே. இது தவறென்று போர்க்கல்லறை ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் இவர்கள் செய்ததற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1944 பிப்ரவரியில் இத்தாலி நாட்டு மிக்னானோவில், கண்ணிவெடிக்களத்தில் தம் தோழர்களைக் காக்கும் பொருட்டு, வெடிக்கப் போகும் கண்ணியின்மேல் தம் உடலைக் கிடத்தி உயிர்நீத்தார் சுபேதார் சுப்பிரமணியம். ஜார்ஜ் சிலுவை விருது அவருக்கு வழங்கப்பட்டது. மெட்ராஸ் சாப்பர், நம் தமிழ்நாட்டார். நம் பாடநூல்களில் அவர் பெயரைப் படித்ததாக எனக்கு நினைவில்லை. விடுதலைக்குப் பின்னர், 1948 நவம்பரில் காசுமீரத்துச் சோஜிலாக் கணவாயில் டாங்கிகளை ஏற்றுவதற்கு மலைப்பாதையை அகலப்படுத்தியவர்களும் மேஜர் தங்கராஜு தலைமையில் உழைத்த மெட்ராஸ் சாப்பர்களே.

என் தந்தையார் எங்கே நின்றார்? பதக்கங்களை எலுமிச்சஞ்சாறு விட்டுத் துடைத்தேன். (துடைக்கக் கூடாதாம், பின்னர் ஒருவர் கடிந்துகொண்டார். இளைஞர்கள் இத்தவற்றைச் செய்ய வேண்டா.) விண்மீன் வடிவான ஒன்று பஸ்சிமி ஸ்டார். 1971 போரில் மேற்கு முனையிற் பணியாற்றியோருக்கு அளித்தது. கிழக்கு முனையாயின் பூர்வி ஸ்டார் அளித்திருப்பர். கடிதங்களின் உறையில் ‘56 ஏ.பி.ஓ.’ என்றிருந்தது. வீரன் இருக்குமிடம் வெளியே தெரியாதிருக்க இடப்பட்ட அஞ்சல் எண் அது. வடக்கிற்கும் மேற்கிற்கும் 56, கிழக்கிற்கு 99. இரண்டும் ஒத்துப்போயின. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவ்வாண்டிற்கு நேரே 9-ஆம் பொறியாளர் ரெஜிமென்ட் என்றிருந்தது. அதற்கு மேல் எனக்கு ஐயமில்லை. அது பசந்தர்.

ஜம்முவுக்குத் தெற்கே, சக்கர்கர் பகுதியில் ஓடும் ஒரு சிற்றாறு பசந்தர். 1971 டிசம்பர் 15-ஆம் நாள் இரவு, நம் காலாட்படை அதைக் கடந்து அக்கரையைப் பிடித்தது. டாங்கிகள் பின்னே செல்ல வேண்டும். இடையிலோ நெடுந்தொலைவு பரந்த கண்ணிவெடிக்களம். சாப்பர்களின் வேலை இதுவே: டாங்கி செல்லும் அகலத்திற்கு அக்களத்தில் ஒரு சந்து திறத்தல். டாங்கியை உடைக்கும் கண்ணி ஆள் மிதித்தால் பெரும்பாலும் வெடிக்காது. ஆனால் அதைத் தோண்ட வருபவனுக்கென்றே சிறு கண்ணிகள் சூழப் புதைத்திருப்பார்கள். இருளில், மார்கழிக் குளிரில், தலைக்கு மேலே பீரங்கிக் குண்டுகள் பாய, மண்ணிலே குப்புறக் கிடந்து கம்பியைச் சாய்வாகச் செருகிச் செருகிப் பார்த்து, கண்ணியைக் கண்டால் கையால் மண்ணை விலக்கி எடுக்க வேண்டும். எடுத்த வழியின் இருபுறமும் வெள்ளை நாடா கட்ட வேண்டும். சந்து பாதி திறந்திருந்தபொழுதே பகைவரின் டாங்கிகள் நெருங்கும் செய்தி வந்ததால், பூனா குதிரைப்படையின் டாங்கிகள் எஞ்சிய களத்தைத் துணிந்து கடந்தன. மறுநாள் அங்கே போரிட்டு வீழ்ந்த அருண் கேத்தர்பாலுக்குப் பரம்வீர் சக்கரம் அளித்தார்கள். கண்ணி அகற்றும் பணியில் பீரங்கிக் குண்டுக்கு இரையான 9-ஆம் ரெஜிமென்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்திரிக்கு மகாவீர் சக்கரம் அளித்தார்கள்.

அந்த ரெஜிமென்டில் உடனிருந்த ஒரு பெரியவரைப் பக்கத்து வட்டத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். வேறு சாதியார். என் தந்தையார் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். “எனக்கு முன்னே கம்பி குத்திப் போனவன். அவன் நாடா கட்டிய இடத்தில்தான் நான் கால் வைத்தேன்” என்றார். இருவரும் ஒரே தட்டில் உண்டதையும் அவரே சொன்னார். நான் தயங்கி, ஊருக்கு வந்த பிறகு ஏன் எங்கள் வீட்டிற்கு வரவில்லை என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. என் தந்தையார் விடுப்பில் வந்த நாட்களில், சீருடையோடு போனாலும், எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடையொன்றில் அவருக்குத் தனிக் குவளைதான். இதை என் தாயார் சொல்லி அறிவேன்.

நம் சங்கத்து இளைஞர்கள் வீட்டிற்கு வீடு இவ்வாறான பெட்டிகள் உண்டு. பர்மா போனவர், மலேயா போனவர் என்று பாட்டனாரைச் சொல்லாத குடும்பம் நம்மிற் குறைவு. அவர் படை எண்ணை முதலிற் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை எழுத்தர் பலவாறு சிதைத்து எழுதியிருப்பார், எண் மாறாது. இந்தியப் பதக்கமாயின் விளிம்பை உருப்பெருக்கியால் பாருங்கள். எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். உறவுமுறைச் சான்றோடு அந்தந்தப் படையின் ஆவண அலுவலகத்திற்கு எழுதுங்கள். உடனிருந்தோர் உயிரோடிருந்தால் இன்றே போய்ப் பாருங்கள். நான் இருபது ஆண்டு தாமதித்ததால், சென்று பார்க்க வேண்டியவர் நால்வரில் மூவர் இல்லாமற் போயினர்.

கடிதங்களுள் 1972 சனவரியில் எழுதியது ஒன்று. போர் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அதில் பசந்தரும் இல்லை, கண்ணிவெடியும் இல்லை. “இங்கே வேலை கொஞ்சம் அதிகமாக இருந்தபடியால் கடிதம் எழுதவில்லை. குளிர் ரொம்ப இருக்கிறது. தம்பிக்குக் கம்பளிச் சட்டை வாங்கி அனுப்புகிறேன். அளவுக்கு நூல் பிடித்து அனுப்பவும்” என்று எழுதியிருந்தார். என் தாயாருக்கு இப்பொழுது எண்பது வயதிற்கு மேலாகிறது. அக்கடிதத்தைப் படித்துக் காட்டி, அந்த வேலை இன்னதென்று விளக்கினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “நூலைப் பிடித்து அனுப்பினேன், சட்டைதான் உனக்குச் சின்னதாகப் போயிற்று” என்றார்.