ஏவல் வினையும் சுண்ணாம்புத் தொட்டியும்

யார் யாரை ஏவலாம் என்கிற ஏற்பாடு ஏவல் வினைக்குள்ளேயே இருக்கிறது. தொல்காப்பியர் இதை மறைக்கவில்லை. ஒன்றைக் கேட்டுப் பெறும்போது தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான் என்று எச்சவியலில் வகுத்தே வைத்திருக்கிறார். ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறி அன்று என்றதும் அவரே. அந்த வழக்கு யாருடைய வழக்கு என்பதுதான் நம் கேள்வி.

ஆம்பூர் ஷூக்கள் போய்ச்சேரும் நாடுகளில் ஸ்பெயினும் ஒன்று. அதன் மொழியில் இந்த ஏற்பாடு இன்னும் வெளிப்படை. 'தூ' என்று அழைக்கப்படுபவனுக்கு நேரான ஏவல் உண்டு: 'பென்', வா. 'உஸ்தெத்' என்று அழைக்கப்படுபவரை அப்படி ஏவ முடியாது. விருப்பத்துக்கும் ஐயத்துக்கும் உரிய வினைப்பாங்கிலிருந்து 'பெங்கா' என்று கடன் வாங்க வேண்டும். 'உஸ்தெத்' என்பதே 'தங்கள் கருணை' எனப் பொருள்படும் 'புயெஸ்த்ரா மெர்செத்' தேய்ந்த உருவம். அதனால் அது படர்க்கை வினையைத்தான் ஏற்கும். எதிரே நிற்பவரை எதிரே இல்லாதவராகப் பாவிப்பது மரியாதை! நம் வியங்கோள் இதற்குப் பக்கத்தில் வருகிறது. தன்மையிலும் முன்னிலையிலும் அது நிலைபெறாது என்றது தொல்காப்பியம். எல்லா இடத்துக்கும் பாலுக்கும் உரியது என்று பிற்பாடு நன்னூல் விரித்தது. வாயிலில் 'வருக' என்று எழுதிவைக்கலாம், வருகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

1936இல் பார்சலோனா ஆலைகளைத் தொழிலாளர்கள் கைப்பற்றியபோது 'உஸ்தெத்' தெருவிலிருந்தே காணாமல் போயிற்று. எல்லோரும் 'தூ', எல்லோரும் தோழர். அந்த ஆண்டின் இறுதியில் அங்கு போன ஜார்ஜ் ஆர்வெல் இதைப் பதிவுசெய்திருக்கிறார்.

இதை ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ கொண்டுவந்து பாருங்கள், தலைகீழாகிவிடும். தோலைத் தொடுவது தீட்டென்று ஊர் ஒதுங்கிக்கொண்டது. பாலாற்றங்கரை டேனரிகளில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், பலருக்கு வீட்டுமொழி உருது. அதிலும் தூ, தும், ஆப் என்று மூன்று படி. (ஸ்பானிய 'தூ'வும் உருது 'தூ'வும் தூரத்து உறவு என்பது வேறு கதை.) முதலாளியைத் தொழிலாளி 'பாய்' என்கிறார், சொல்லின் பொருள் சகோதரன். ஆனால் 'வாங்க பாய்' என்பதற்கு 'வாங்க' என்று பதில் வருவதில்லை. 'இன்னா, லேட்டு?' என்றுதான் வரும். மேஸ்திரி, எந்தச் சாதிக்காரனானாலும், அறுபது வயதுக்காரரைப் பார்த்து 'டேய், அந்தத் தோல எடுத்துப் போடு' என்கிறான். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் குனிந்திருக்கும் பெண்ணுக்கு 'டேய்' போய் 'ஏம்மா' வருகிறது; வினை மாறுவதில்லை.

ஆக, ஒருமை இங்கே ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, மேலிருந்து கீழாக மட்டும். 'இனி எல்லோரும் நீ' என்று யாராவது அறிவித்தால் தொழிலாளியின் காதில் விழப்போவது நேற்றைய அதே சொல். பார்சலோனாவில் மரியாதைச் சொல்லைக் களைந்தது சமத்துவம். இங்கே 'ங்க' என்ற விகுதியைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இதைப் பூர்ஷ்வா மரியாதை என்று தள்ளிவிடும் நம் தோழர்கள், தாங்கள் யாரை 'வாப்பா' என்கிறோம், யாரை 'வாங்க சார்' என்கிறோம் என்று ஒரு நாள் கணக்கெடுத்துப் பார்க்கட்டும்.

இழிவுபடுத்தும் நோக்கோடு பொதுப்பார்வையில் அவமதிப்பதை 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தனியாகவே சேர்த்தது. அவமதிப்பு சாதியின் காரணமாக நடந்திருக்க வேண்டும், வெளியார் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்தது இதில் அடங்காது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 'போடா'வில் சாதிப் பெயர் கிடையாது. டேனரிக்கோ நான்கு பக்கமும் சுவர், கேட்டில் வாட்ச்மேன். தொட்டியோரம் சொல்லப்பட்ட ஒரு விகுதியை எந்த ஸ்டேஷனில், எந்தப் பிரிவின் கீழ் எழுதிக்கொள்வார்கள்?