நூலக மாடமும் அடைபட்ட வாயிலும்

1910-இல் ஆண்ட்ரூ கார்னகி ஒரு கோடி டாலர் அளித்து அனைத்துலக அமைதிக்கான அறக்கட்டளையை நிறுவினார். 1892-இல் அவரது ஹோம்ஸ்டெட் ஆலையில் சிந்திய தொழிலாளர் இரத்தத்தை நாம் மறந்தோமல்லோம்; எனினும் அப்பொருள் சென்ற வழி கருதற்குரியது. முதல் உலகப் போரின் இறுதி தொட்டு, அமெரிக்கச் சிற்றூர் நூலகங்களுக்குப் பிறநாட்டார் வாழ்வைக் கூறும் நூல்கள் இலவசமாய் அனுப்பப்பட்டன. உழவரும் கடைக்காரரும் உளங்கொள்ளாத உடன்படிக்கை நிலைக்காது என்பதே அம்முயற்சியின் கருத்து. 1925 முதல் அறக்கட்டளைக்குத் தலைமை தாங்கியவர் நிக்கலஸ் மரே பட்லர். அவர் தலைவராயிருந்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே 1913-இல், பரோடா மன்னரின் உதவித்தொகையுடன், அண்ணல் அம்பேத்கர் பயிலச் சேர்ந்தார்.

ஆனால் தென் மாநில நூலகங்கள் பலவற்றில் கறுப்பின மக்கள் நுழைய இயலவில்லை. கடல் கடந்தாரை நேசிக்கக் கற்பித்த நூல்கள் அடுத்த தெருவாரை உள்ளே அழைக்கவில்லை! 1946-இல் அண்ணல், கறுப்பின அறிஞர் டுபாய்சுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அம்மக்கள் அளித்த முறையீட்டின் படிகளைக் கேட்டார். நம் மக்களும் அவ்வழியே செல்ல எண்ணுவதாகத் தெரிவித்தார்.