மணல் தரையும் அருகம்புல்லும்: அமெச்சூர் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பட்டிங் பயிற்சி வளர்ந்த வரலாறு

கோல்ஃப் ஆட்டத்தின் முதல் எழுத்து விதிகள் 1744இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் வகுக்கப்பட்டன. மொத்தம் 13 விதிகள். முடித்த குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் அடுத்த ஆட்டத்துக்கான பந்தை வைக்க வேண்டும் என்பது முதல் விதி. பந்தை உருட்டிக் குழியில் விட்ட அதே தரையில் நின்றுதான் அடுத்த குழியை நோக்கி ஓங்கி அடிக்க வேண்டும். மட்டை கிளறிய மண்ணும் காலடித் தடங்களும் குழியைச் சுற்றியே கிடந்தன. ஒட்ட வெட்டிப் பராமரிக்கிற ‘கிரீன்’ என்ற தனி இடம் அந்த விதிகளில் இல்லை. அப்படிப்பட்ட தரையில் பந்தின் போக்கைப் பழகிப் பழகிக் கைக்குள் கொண்டுவரலாம் என்ற எண்ணத்துக்கு இடம் குறைவு.

இன்று நிலைமை வேறு. 18 குழிகளுக்கு 72 அடிகள் என்ற கணக்கில், குழிக்கு 2 வீதம் 36 அடிகள் பட்டிங்குக்கு, அதாவது பந்தைத் தட்டி உருட்டிக் குழியில் சேர்க்கும் கடைசி வேலைக்கு, ஒதுக்கப்பட்டுள்ளன. ஆட்டத்தில் பாதி அது. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் அதற்காக மணிக்கணக்கில் உழைப்பதில் வியப்பில்லை. வேலை நாட்களில் அலுவலகமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் திடலுமாக வாழும் அமெச்சூர் ஆட்டக்காரர் இந்தப் பாதியை எப்படிப் பழகினார், அந்தப் பழக்கம் எதனால் மாறியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வரலாற்றைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: பட்டிங் பயிற்சியைப் புரட்டிப்போட்டவர்களில் பலர் ஆட்டத்தால் பிழைத்தவர்கள் அல்லர். பொறியாளர், பேராசிரியர், நடுவயதில் மட்டையைத் தொட்டவர் என்று வெளியிலிருந்து வந்தவர்கள்.

பட்டிங்கை மட்டுமே ஆட்டமாகக் கொண்டவர்களில் மிகப் பழைய அமைப்பினர் பெண்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பெண்கள் பட்டிங் சங்கம் 1867இல் தொடங்கியது. பெண்கள் தோளுக்கு மேலே மட்டையை ஓங்குவது அடக்கக்குறைவு என்று கருதப்பட்ட காலம். அவர்களுக்கு விடப்பட்டது உருட்டும் ஆட்டம் மட்டுமே. அவ்வூர்த் திடல் பராமரிப்பாளர் ஓல்ட் டாம் மோரிஸ் அமைத்துக் கொடுத்த மேடுபள்ளம் நிறைந்த அந்தத் திடலுக்கு ‘இமயமலை’ என்று பெயர் வந்தது. இன்றும் சிறு கட்டணம் செலுத்தி யாரும் அங்கே ஆடலாம். ஒதுக்கி வைக்கப்பட்டவர்களே தரையின் சரிவை நுட்பமாக வாசிக்கும் கலையை ஒரு சங்கமாகக் கூடி வளர்த்தார்கள் என்பது இந்த வரலாற்றில் உரிய கவனம் பெறாத செய்தி. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்று உறுதியானது அதற்குப் பிறகுதான், 1891இல். அளவு நிலைத்த பிறகே ஓர் ஊரில் பழகியது இன்னோர் ஊரிலும் கைகொடுத்தது.

இந்தியாவில் கோல்ஃப் வேரூன்றியது மிக முன்னதாகவே. கல்கத்தா சங்கம் 1829இல் தோன்றியது. பெங்களூர் சங்கம் 1876இல். கொடைக்கானல் சங்கம் 1895இல். சென்னையில் மெட்ராஸ் ஜிம்கானா சங்கத்தார் கிண்டி குதிரைப் பந்தய ஓடுபாதையின் நடுவே ஆடினார்கள். மலை நகரங்களில் புல் பிரச்சினையில்லை. சமவெளியில் வெயில் பொசுக்கியது, தண்ணீர் கிடைக்கவில்லை. அதற்குக் கண்ட வழிதான் ‘பிரவுன்’: மணலை வட்டமாகப் பரப்பி, காற்றில் பறக்காமலிருக்க எண்ணெய் ஊற்றி, அழுத்திச் சமன்செய்த உருட்டுதரை. ஒருவர் ஆடி முடித்ததும் கால்தடங்களை இழுவைக் கட்டையால் இழுத்து நிரவ வேண்டும். இது இந்தியாவின் ஏழ்மைக்கு மட்டும் உரிய ஏற்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் திடலில்கூட 1935 வரை மணல் தரைதான் இருந்தது. ஆஸ்திரேலிய உள்நாட்டிலும் வளைகுடாப் பாலைவனங்களிலும் அதே முறைதான்.

மணல் தரை ஆட்டக்காரருக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். நிரவிய மணலில் பந்து உருண்டால் கோடு விழும். அடி நேராகப் போனதா, ஒருபக்கம் இழுத்ததா என்பதைத் தரையே எழுதிக் காட்டிவிடும். இன்று கேமராவும் கணினியும் வைத்துப் பெறும் தகவலின் ஒரு பகுதியை, நிரவும் கட்டையைத் தவிர வேறு கருவியில்லாமல் பெற முடிந்தது. ஆனால் அந்த வட்டம் பெரும்பாலும் மட்டமானது. குழி நடுவில் இருக்கும். மணல் பந்தின் வேகத்தைச் சட்டென்று குடித்துவிடும். நேராக அடிக்கக் கற்ற கை, சரிவை வாசிக்கவும் வேகத்தை அளந்து விடவும் கற்கவில்லை. பிரவுனில் பழகியவர் புல்தரைக்கு வந்தபோது ஏறக்குறைய புதிதாகத் தொடங்க வேண்டியிருந்திருக்கும்.

அந்தப் புல் நமக்குப் பழகிய புல். திருவள்ளூர் மாவட்டத்துப் பொதட்டூர்பேட்டையைச் சுற்றியுள்ள வயல் வரப்புகளில் படர்ந்து கிடப்பதும், பிள்ளையாருக்குச் சாத்தப்படுவதுமான அருகம்புல்லைத்தான் மேலைநாட்டார் பெர்முடா புல் என்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற தாவர வல்லுநர் அருகம்புல்லை அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றோடு கலந்து, ஒட்ட வெட்டினாலும் பிழைக்கும் இனங்களை உருவாக்கினார். 1956இல் டிஃப்கிரீன் வந்தது. அதிலிருந்து தோன்றிய குட்டை ரகமான டிஃப்டுவார்ஃப் 1965இல் வந்தது. வெப்ப நாடுகளின் உருட்டுதரைகளை மாற்றியவை இவை. இப்புல்லுக்குச் சாய்வுண்டு. வெல்வெட் துணியை ஒருபக்கம் தடவினால் வழுக்கும், மறுபக்கம் தடவினால் தடுக்கும், பந்துக்கும் அப்படித்தான். புல் சாய்ந்த திசையில் போகும் பந்து ஓடும், எதிர்த்துப் போகும் பந்து தயங்கும், குறுக்கே போகும் பந்து கொஞ்சம் விலகும். வெப்ப நாட்டு ஆட்டக்காரர் தரையின் சரிவோடு புல்லின் சாய்வையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இந்தியச் சங்கங்களில் அந்தக் கணக்கை ஆட்டக்காரர் பெரும்பாலும் தாமே போடுவதில்லை. பை சுமந்து கூடவே வரும் தொழிலாளியிடம் ‘எந்தப் பக்கம் விடலாம்’ என்று கேட்பதே வழக்கம். அதே தரையில் வருடக்கணக்கில் நடந்தவர் அவர். அவர் சொல் தவறுவது அரிது. பெங்களூரில் பை சுமந்து வளர்ந்த சி. முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்றார் என்பதைப் பார்த்தால் அந்த அறிவு எத்தகையது என்று புரியும். ஆனால் இதன் மறுபக்கம், உறுப்பினர் தரையைத் தாமாக வாசிக்கும் பயிற்சியை இழக்கிறார் என்பது. பட்டிங்கில் பாதி கண்ணின் வேலை. அதை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கையை மட்டும் பழக்குவது இந்திய அமெச்சூர்களின் பெரிய இழப்பு.

மட்டையின் கதைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த வால்டர் டிராவிஸ் கோல்ஃப் ஆடத் தொடங்கியபோது அவருக்கு வயது 34. தூரம் அடிக்கும் வலு அவரிடம் இல்லை. பட்டிங்கை நம்பியே மூன்று முறை அமெரிக்க அமெச்சூர் பட்டம் பெற்றார். 1904இல் இங்கிலாந்தின் சாண்ட்விச்சில் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் தட்டிக்கொண்டு போனார். அப்போது அவர் கையில் இருந்தது ‘ஸ்கெனெக்டடி’ என்ற மட்டை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் ஆர்தர் நைட் வடிவமைத்தது. தண்டு தலையின் ஓரத்தில் அன்றி நடுப்பக்கமாகப் பொருத்தப்பட்டது. 1910இல் பிரிட்டிஷ் விதியாளர்கள் அவ்வகை மட்டைகளைத் தடை செய்தார்கள். தடை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. டிராவிஸின் பாடம் இன்னொரு அமெச்சூரிடம் போய்ச் சேர்ந்தது. 1924இல் அவர் பாபி ஜோன்ஸுக்குப் பட்டிங் ஆலோசனை சொன்னார். போட்டிகளில் ஆடிய காலம் முழுதும் அமெச்சூராகவே இருந்த ஜோன்ஸ் 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றார்.

ஜோன்ஸின் காலத்தில் பழக வேண்டிய ஒன்று இப்போது அடியோடு மறைந்துவிட்டது. எதிராளியின் பந்து குழிக்கும் தம் பந்துக்கும் நடுவே நின்றால் அதை எடுக்கச் சொல்ல முடியாது. சுற்றி வளைத்தோ மேலே தூக்கியோதான் அடிக்க வேண்டும். ‘ஸ்டைமி’ என்ற இந்த முட்டுக்கட்டை 1952இல் ஒழிந்தது. அதோடு அதற்கான பயிற்சியும் போனது. எதிராளியை மறந்து தரையோடு மட்டும் மல்லுக்கட்டும் ஆட்டமாகப் பட்டிங் அதன்பிறகே முழுமையாக மாறியது.

தரையின் வேகத்தை அளக்கும் கருவியும் ஓர் அமெச்சூர் தந்ததே. மாசசூசெட்ஸ் அமெச்சூர் பட்டம் வென்ற எட்வர்ட் ஸ்டிம்ப்சன், 1935இல் ஓக்மான்ட் திடலில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியைப் பார்க்கப் போனார். அங்கே தேர்ந்த ஆட்டக்காரர்களின் பந்துகளும் நிற்காமல் ஓடுவதைக் கண்டு, தரை அளவுக்கு மீறி வேகமாக இருக்கிறதோ என்று ஐயுற்றார். பள்ளம் தோண்டிய ஒரு சாய்கோலில் பந்தை வைத்து உருளவிட்டு, அது ஓடும் தூரத்தை அடிக்கணக்கில் அளந்தார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைத் திருத்தி 1978இல் திடல் பராமரிப்பாளர்களுக்கு வழங்கியது. எழுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்கத் திடல்களின் சராசரி ஆறரை அடி அளவில் இருந்தது. இன்று பெரும் போட்டிகளில் 11 முதல் 13 அடி வரை வைக்கிறார்கள். வேகம் கூடக்கூடச் சரிவின் இழுப்பும் கூடும். தொலைக்காட்சியில் பார்க்கிற தரைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற தரைக்கும் உள்ள இந்த இடைவெளியை உணராமல், முன்னதைப் பார்த்துப் பின்னதில் பழகுவோர் ஏராளம்.

1959இல் மறுபடியும் ஜெனரல் எலெக்ட்ரிக். மறுபடியும் ஒரு பொறியாளர். நார்வேயில் பிறந்த கார்ஸ்டன் சோல்ஹெய்ம் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கோல்ஃபுக்கு வந்தவர். தம் பட்டிங் சரியில்லை என்ற எரிச்சலில், எடை முழுவதையும் மட்டைத் தலையின் இரு முனைகளுக்கும் தள்ளி ஒரு மட்டை செய்தார். பந்து நடுவில் படாவிட்டாலும் தலை முறுக்கிக்கொள்ளாது. அடித்தால் எழும் ஓசையை வைத்து ‘பிங்’ என்று பெயரிட்டார். 1966இல் வந்த அவருடைய ‘ஆன்சர்’ மட்டையின் வடிவத்தை இன்றுவரை பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. குறைவாகப் பழகுகிறவரின் பிழையைக் கருவியே பொறுத்துக்கொள்ளும் காலம் இப்படித் தொடங்கியது.

அடுத்த திருப்பம் மனத்தைப் பற்றியது. 1992இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸ், தேர்ந்தவர்களும் தேராதவர்களும் பட்டிங்கின்போது எங்கே பார்க்கிறார்கள் என்று அளந்தார். தேர்ந்தவர்களின் பார்வை அடிக்கும் முன்பும் அடிக்கும்போதும் பந்தில் அசையாமல் ஊன்றியிருந்தது. மற்றவர்களின் பார்வை அலைந்தது. ரிச்சர்ட் மாஸ்டர்ஸின் ஆய்வு இன்னும் சுவையானது. புதிதாகக் கற்பவர்களில் ஒரு குழுவுக்கு விரிவான விளக்கம் தந்தார். இன்னொரு குழுவை, வாயால் எழுத்துக்களைத் தாறுமாறாகச் சொல்லிக்கொண்டே பழகச் செய்தார். பிறகு பணத்தையும் மதிப்பீட்டையும் காட்டி நெருக்கடி கொடுத்தபோது விளக்கம் பெற்றவர்கள் தடுமாறினார்கள். விதிகளை மனத்தில் ஏற்றிக்கொள்ளாமல் கற்றவர்கள் தடுமாறவில்லை. முழங்கை, மணிக்கட்டு, தோள் என்று நூறு குறிப்புகளை மனப்பாடம் செய்துகொண்டு போட்டிக்குப் போகும் அமெச்சூர், கடைசிக் குழியில் மூன்றடித் தூரத்தைத் தவறவிடுவதற்கு இதில் விளக்கம் இருக்கிறது.

எவ்வளவு நேரம் பழகுவது என்ற கேள்வியைக் கிளப்பியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரும் அமெச்சூர் ஆட்டக்காரருமான மார்க் பிராடி. ஒவ்வோர் அடியும் எந்தத் தூரத்திலிருந்து எங்கே போய் நின்றது என்ற விவரங்களைத் திரட்டி, எந்த அடி எவ்வளவு லாபம் தந்தது என்று கணக்கிட்டார். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் அமைப்பு 2011இல் பட்டிங்குக்கு அந்த அளவையை ஏற்றது. 2014இல் அவர் நூலாக வெளியிட்ட முடிவுகள் பலரையும் உலுக்கின. முன்னணி வீரர்கள் மற்றவர்களை முந்துவதில் பட்டிங்கின் பங்கு ஏறக்குறைய 15 விழுக்காடுதான். 80 அடிகளில் முடிப்பவருக்கும் 90 அடிகளில் முடிப்பவருக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி நீண்ட அடிகளிலிருந்தே வருகிறது. தொழில்முறை வீரர் எட்டடித் தூரத்திலிருந்து இரண்டுக்கு ஒன்றைக் குழியில் போடுகிறார். 90 அடிக்காரருக்கு அந்தத் தூரம் ஐந்தடி. பட்டிங் ஆட்டத்தில் பாதி என்ற பழைய எண்ணிக்கை பொய்யில்லை. ஆனால் எண்ணிக்கையில் பாதியாக இருப்பது வேறுபாட்டிலும் பாதியாக இருக்க வேண்டியதில்லை என்பதை அவர் காட்டினார்.

இதற்குள் ஓர் அமெச்சூர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் புகைப்படக்காரர் டான் மெக்லாக்லின், கோல்ஃப் அனுபவமே இல்லாத நிலையில் 10,000 மணி நேரம் பழகிப் பார்ப்பது என்று 2010இல் வேலையை விட்டார். குழியிலிருந்து ஓரடித் தூரத்தில் தொடங்கினார். முதல் சில மாதங்கள் பட்டிங் மட்டையைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அவருடைய ஹேண்டிகேப், அதாவது குறையக்குறையத் தேர்ச்சியைக் காட்டும் திறன் எண், 2.6 வரை இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் எட்ட முடியாத நிலை அது. 2015இல் முதுகுவலி அந்த முயற்சியை நிறுத்தியது.

இந்தியாவுக்கு வந்தால், சிறு வயதில் பெங்களூரில் கோல்ஃப் கற்றுக்கொண்ட அதிதி அசோக், 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார். அங்கே பலரைவிடக் குறைந்த தூரம் அடித்த அவரைக் கடைசி நாள்வரை பதக்கப் போட்டியில் நிறுத்தியது பட்டிங். அவர் அப்போது தொழில்முறை வீராங்கனை. ஆனாலும் தென்னிந்தியச் சங்கங்களில் பழகும் சிறுவர் சிறுமியருக்கு அவர் வழியாகக் கிடைத்த செய்தி அமெச்சூர் உலகுக்கே உரியது. வலு குறைந்த உடல் இந்த ஆட்டத்தில் நுழையக்கூடிய வாசல் எது என்பதை 1904இல் டிராவிஸ் காட்டியதுபோலவே அவரும் காட்டினார்.

நிலமும் நீரும் சங்க உறுப்பினர் கட்டணமும் கேட்கிற ஆட்டத்தில், இவை எதுவும் கேட்காத பகுதி பட்டிங் ஒன்றுதான். பொதட்டூர்பேட்டையிலிருந்து சென்னைத் திடல்கள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம். ஆனால் பொதட்டூர்பேட்டை வீட்டுக் கூடம் ஒன்றில் விரிப்பைப் போட்டு, பந்து மட்டும் நுழையுமளவு இடைவெளிவிட்டு இரண்டு குச்சிகளை நிறுத்தி, அதன் நடுவே பந்தை உருட்டிப் பழகலாம். அடி நேராகப் போகிறதா என்பதை அதுவே சொல்லிவிடும். ஒரே தூரத்தை நூறு முறை அடிப்பதைவிட மூன்றடி, ஆறடி, பத்தடி என்று மாற்றி மாற்றி அடிப்பது நிலைத்த கற்றலைத் தருகிறது என்பது உடலியக்கக் கற்றல் ஆய்வுகளில் பலமுறை கண்ட முடிவு. கூடத்தில் கிடைக்காதது சரிவும் புல்லின் சாய்வும். அவற்றுக்காகத் திடலுக்குப் போகிறவர், பெரும்பாலான அமெச்சூர்கள் சரிவைக் குறைத்து மதிப்பிட்டுக் குழிக்குக் கீழ்ப்பக்கமாகவே தவறவிடுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பை சுமப்பவரிடம் கேட்பதற்கு முன்பு தம் கணிப்பை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.