கங்காணியும் துரையும்: மலாக்காத் தோட்டங்களில் அதிகாரச் சொற்கள்

மலாக்காவின் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கு வரிசைக்கு) வந்து நின்ற தமிழ்த் தொழிலாளிக்குத் தலைக்கு மேல் நான்கு பேர் இருந்தார்கள்: தண்டல், கங்காணி, கிராணி, துரை. நான்கு பெயர்களும் ரப்பருக்கு மூத்தவை. தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை அமைத்தது 1896இல்தான்.

இவற்றில் நெடுந்தொலைவு வந்த சொல் கங்காணி. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் 'ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி' என்ற தொடர் அடிக்கடி வருகிறது. கோயிலுக்குக் கொடுத்த நிலமும் பொன்னும் விளக்கும் முறை தவறாமல் பயன்படுகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு அது. அதே சொல் இலங்கைக் காப்பித் தோட்டங்களிலும் மலாயாவிலும் ஆள்பிடிப்பவரின் பெயராயிற்று. தோட்ட நிர்வாகத்தின் சார்பில் உரிமத்தோடு கங்காணி தன் சொந்த ஊருக்குப் போவார். உறவையும் சாதியையும் சொல்லி ஆள் சேர்ப்பார். அழைத்துவந்தவர் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. தொழிலாளி நோயில் படுத்தால் கங்காணியின் வரவும் குறைந்தது. பொதுச் சொத்தைக் காத்த கண், முதலாளியின் ஆதாயத்துக்காக மனிதரைக் காவல் காக்கும் கண்ணாக மாறியது. தமிழ்ச் சொல்வரலாற்றில் இதைவிட வேதனையான பொருள்மாற்றம் அரிது. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் புலப்பெயர்வைத் தடைசெய்தபின் கங்காணியின் ஆள்பிடிப்பு நின்றது. பெயர் மேற்பார்வையாளருக்கு ஒட்டிக்கொண்டது.

தண்டல் கடலோரத்துச் சொல். படகோட்டிகளின் தலைவரைக் குறித்த அது, மலாயில் 'தண்டில்' ஆகி, தோட்டத்தில் வெளிக்காட்டு வேலையாட்களை மேய்ப்பவரின் பெயராயிற்று.

கிராணி எழுத்தர். 'கரண' என்ற வடமொழி வேரிலிருந்து வந்த சொல் மலாயில் 'கெரானி' என இன்றும் அலுவலகங்களில் வழங்குகிறது. இலங்கைத் தமிழர் கணக்கப்பிள்ளை என்ற இடத்தில் மலாயாத் தமிழர் கிராணி என்றார்கள். துரையோ பாளையக்காரர் காலத்துச் சொல். ஊமைத்துரையின் பெயரில் இருப்பதும் அதுவே. கட்டபொம்மனின் தம்பிக்குரிய அந்தப் பட்டம், அவரைத் தூக்கிலிட்ட வெள்ளையரின் இனத்தாருக்கே தோட்டங்களில் சூட்டப்பட்டது. பெரிய துரை, சின்ன துரை எனப் படிநிலையும் வந்தது. 1957 விடுதலைக்குப் பிறகு அந்த நாற்காலியில் உள்ளூர்க்காரர்கள் அமர்ந்தபோதும் துரை என்ற விளி மறையவில்லை.

பல மொழிச் சொற்களின் இந்தக் கலப்பு மலாக்காவுக்குப் பழக்கமானது. 1511இல் நகரைப் பிடித்த போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்கு, தமிழ் வணிகரான நைனா சட்டுவைப் பெண்டாஹாரா என்ற உயர் பதவியில் அமர்த்தினார். பண்டகசாலையைக் குறிக்கும் வடமொழிச் சொல்லே அந்தப் பதவிப் பெயரின் வேர். நம் 'பண்டாரம்' அதற்கு உறவு. மேற்பார்வையாளரைக் குறிக்கும் போர்த்துக்கீசிய 'மந்தடோர்' இங்கே 'மண்டோர்' ஆயிற்று. ஹொக்கியன் 'தவுக்கே' கடைவீதி முதலாளியைக் குறித்தது.

ஆங்கிலத்தின் 'பாஸ்' (boss) டச்சு மொழியின் 'பாஸ்' (baas) தான். 1641இல் மலாக்காவைப் பிடித்து நூறாண்டுக்கு மேல் ஆண்ட டச்சுக்காரர் வழியாக வராமல், அமெரிக்க ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தது. இப்போது தமிழ் முஸ்லிம்களின் 'மாமாக்' உணவுக்கடைகளில் வாடிக்கையாளர் பரிமாறுபவரை 'பாஸ்' என்கிறார். அவரும் திருப்பி 'பாஸ்' என்றே கேட்கிறார். எண்ணெய்ப்பனைக்கு மாறிவிட்ட தோட்டங்களிலோ, இந்தோனேசியத் தொழிலாளருக்கு மேலிருப்பவர் இன்னும் மண்டோர்தான்.