சூரிஞ்சானும் செங்காந்தளும்

அண்மையில் மீஞ்சூரில், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். இதய நோய்க்கு மருந்துண்டு வரும் பெரியவர் ஒருவர் நம்மிடம் வினவினார்: “ஹஜ்ரத்! கலப்பைக் கிழங்கிலுள்ள சத்து இதயத்துக்கு நல்லதாமே. வேலியோரம் கிடப்பதைத் தோண்டி அரைத்துக் குடிக்கலாமா?”

கூடவே கூடாது என்று தடுத்தோம். ஆயினும் அவர் கேள்வியுற்றதில் ஒரு பகுதி உண்மை உண்டு. அதன் வரலாறு ஆயிரம் ஆண்டு நீண்டது.

முள் தைத்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே உரோமரான செல்சஸ் எழுதி வைத்தார். மாமேதை இப்னு சீனா (ஹிஜ்ரி 370–428; கி.பி. 980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் ‘வரம்’ என்னும் சொல்லால் இதனைக் குறித்து விரிவாகப் பேசினார். அரபியில் அச்சொல்லுக்கு வீக்கம் என்பது பொருள். நாம் வேண்டிப் பெறும் தமிழ் வரம் அன்று! இன்று இதனை அழற்சி என்கிறோம்.

அழற்சியின் களம் இரத்தக் குழாய் என்பதை 1867இல் ஜெர்மானியர் கோன்ஹைம் காட்டினார். தவளையின் நுண்குழாய்களை உருப்பெருக்கியில் நோக்கியவர், வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரைக் கடந்து வெளியேறக் கண்டார். அச்சுவரின் உட்புறத்தே மெல்லிய படலம் ஒன்றுண்டு. அது வெறும் உறையன்று, குழாயை விரியச் செய்யும் பொருளொன்றைச் சுரப்பது என்பதை 1980இல் அமெரிக்கர் ஃபர்ச்காட் வெளிப்படுத்தினார். அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1998இல் அவருக்கும் வேறிருவர்க்கும் நோபல் பரிசு கிட்டியது.

அழற்சி மூண்டால் இப்படலம் என்னாகும்? 2000ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர்கள் நலமுள்ள தொண்டர்களுக்கு டைஃபாய்டு தடுப்பூசியிட்டு இலேசான அழற்சியை உண்டாக்கினர். சில மணி நேரத்தில் குழாய்கள் விரியும் திறன் குன்றிற்று, பின்னர் மீண்டது. ஊசிக்கு முன்பே ஆஸ்பிரின் கொடுத்தபோது இக்குறை தடைபட்டதும் அடுத்து அறியப்பட்டது. நலமுள்ளவர்க்கு இது வந்து மறையும். குழாயில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்தவர்க்கோ ஆபத்தாகலாம். மூச்சுறுப்புத் தொற்றை அடுத்த சில நாட்களில் மாரடைப்பு மிகுவதை 2004இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு காட்டிற்று. ஆதலின் முதியோர் காய்ச்சலை அற்பமென எண்ணலாகாது.

இனி மருந்து. மூட்டுவலிக்கு இப்னு சீனா கூறிய மருந்துகளுள் ஒன்று சூரிஞ்சான் என்னும் கிழங்கு. அவ்வினச் செடியினின்று 1820இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் பிரித்தெடுத்ததே கோல்ச்சிசின். கோன்ஹைம் கண்ட அந்த வெள்ளணுக்களின் பாய்ச்சலை அது மட்டுப்படுத்துகிறது. நாட்பட்ட இதய நோயாளர் 5,500 பேருக்கு மேல் பங்கு கொண்ட ஆய்வொன்றில், நாள்தோறும் அரை மில்லிகிராம் உண்டவர்க்கு மாரடைப்பு முதலிய கேடுகள் 31 விழுக்காடு குறைந்தமை 2020இல் வெளியாயிற்று. 2023இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதியளித்தது. ஆனால், மாரடைப்பு வந்தவுடன் இதனைத் தொடங்குவது பற்றி 7,000 பேரிடை நிகழ்ந்த பெரிய ஆய்வு, பயனில்லை என்று 2024இல் உரைத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் முதலில் நிற்பதும், நம் மாநில மலருமான செங்காந்தளின் கிழங்கே பெரியவர் கேட்ட கலப்பைக் கிழங்கு. அதிலும் கோல்ச்சிசின் உண்டு, அளவுதான் இல்லை. அரை மில்லிகிராமில் மருந்தாவது, அளவு மீறின் உயிரைக் குடிக்கும்.

“முன்னோர் சொன்னதுதானே” என்றார் பெரியவர். முன்னோர் சொன்னது அதுமட்டுமன்று. மருந்தைச் சோதித்தறிய ஏழு விதிகள் வகுத்த இப்னு சீனா, இறுதி விதியாக, சோதனை மனித உடலிலேயே நிகழவேண்டும் என்றார். விலங்கில் கண்டது மனிதர்க்குப் பொருந்தாமற் போகலாம் என்பது அவர் கருத்து. 2020இலும் 2024இலும் நடந்தது அவ்விதியின் நிறைவேற்றமே. அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளும் நாம், அவர் விதியை மறந்து கிழங்கை மட்டும் தோண்டலாமா?

பெரியவர் கேட்டுக்கொண்டார். மறுநாளே தம் மருத்துவரிடம் சென்று வந்தார்.