எலும்புப்புரை நோயின் வரலாறு

எலும்புப்புரை என்பது எலும்பின் அடர்த்தி குறைந்து, அதன் உள்ளமைப்பு சிதைந்து, சிறிய விழுகையிலும் எலும்பு முறியக்கூடிய நிலையை ஏற்படுத்தும் நோய் ஆகும். எலும்பு முறியும் வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் தென்படுவதில்லை. முதுகெலும்பு, இடுப்பு, மணிக்கட்டு ஆகிய இடங்களில் முறிவு அதிகம். 50 வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் எஞ்சிய வாழ்நாளில் இத்தகைய முறிவு நேரலாம் என்று பன்னாட்டு எலும்புப்புரை அறக்கட்டளை மதிப்பிடுகிறது.

இதை ஒரு நோயாக ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. முதலில் முதுமையின் இயல்பாகவும், பிறகு பெண்களுக்கு மட்டும் வரும் நோயாகவும், அதன்பின் வெறும் சுண்ணாம்புச்சத்துக் குறைவாகவும் இது கருதப்பட்டது. இக்கருத்துகள் ஒவ்வொன்றும் எவ்வாறு மாறின என்பதே இந்நோயின் வரலாறு.

முதுமையா, நோயா?

எலும்பு ஓர் உயிருள்ள திசு என்பதை 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் எடுத்துக்காட்டினார். எலும்பு வளரும்போது ஒருபுறம் புதிய எலும்பு படிகிறது; மறுபுறம் பழைய எலும்பு அகற்றப்படுகிறது என்று அவர் கண்டார். இவ்வாறு கட்டுதலும் கரைத்தலும் வாழ்நாள் முழுவதும் நடக்கின்றன. கரைத்தல் மிகுந்து கட்டுதல் குறையும்போது எலும்புப்புரை உண்டாகிறது.

1814இல் டப்ளின் நகர மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் மணிக்கட்டு முறிவை விரிவாக விவரித்தார். அந்த முறிவு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1820களில் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், தொடை எலும்பின் கழுத்துப்பகுதி முறிவது பெரும்பாலும் வயதானவர்களிடமே காணப்படுகிறது என்றும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அது அதிகம் நேர்கிறது என்றும் எழுதினார். அதே காலத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் நகர நோயியல் அறிஞர் ழான் லோப்ஸ்டைன், துளைகள் நிறைந்த எலும்பு என்னும் பொருளில் 'ஆஸ்டியோபொரோசிஸ்' என்ற பெயரை வழங்கினார்.

பெயர் கிடைத்தாலும் வரையறை கிடைக்கவில்லை. எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியாவும் இதுவும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. 1885இல் ஆஸ்திரிய நோயியல் அறிஞர் குஸ்தாவ் பொம்மர் நுண்ணோக்கியால் ஆராய்ந்து இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஆஸ்டியோமலேசியாவில் எலும்பின் புரதச் சட்டகம் இருக்கும். அதில் சுண்ணாம்புச்சத்து சரியாகப் படிந்திருக்காது. எலும்புப்புரையில் இருக்கும் எலும்பு இயல்பானதே. ஆனால் அதன் அளவு குறைவு. இந்த வேறுபாடு இன்றைய சிகிச்சைக்கும் அடிப்படையாக உள்ளது.

ஆல்பிரைட்டும் புறாக்களும்

1934இல் சிகாகோவைச் சேர்ந்த கைஸ், பாட்டர் என்னும் இரு ஆய்வாளர்கள் பெண் புறாக்களின் எலும்புகளில் ஒரு விந்தையைக் கண்டனர். முட்டையிடும் காலம் நெருங்கும்போது எலும்பின் உட்குழியில் புதிய எலும்பு உருவாகிறது. முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச்சத்து அங்கே சேமிக்கப்படுகிறது. பெண்பால் ஹார்மோனுக்கும் எலும்புக்கும் உள்ள தொடர்பை இது காட்டியது.

இச்செய்தி பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய ஃபுல்லர் ஆல்பிரைட்டின் கவனத்தை ஈர்த்தது. 65 வயதுக்குட்பட்ட 42 எலும்புப்புரை நோயாளிகளில் 40 பேர் மாதவிடாய் நின்ற பெண்கள் என்று 1941இல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர். ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் உடலிலிருந்து கால்சியம் வெளியேறுவது குறைகிறது என்பதையும் அவர்கள் அளந்து காட்டினர். இதனால், "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கப்பட்ட கூன் முதுகுக்கு முதன்முறையாக ஒரு காரணமும் ஒரு மருந்தும் கிடைத்தன.

எலும்பு கட்டப்படுவது குறைவதாலேயே நோய் வருகிறது என ஆல்பிரைட் கருதினார். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களின் செயல் மிகுவதே முதன்மைக் காரணம் என்று பிற்கால ஆய்வுகள் கண்டறிந்தன. 1976இல் கிளாஸ்கோ நகரில் ராபர்ட் லிண்ட்சேயும் அவருடைய குழுவினரும், சூலகம் அகற்றப்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து கொடுத்தால் எலும்பு இழப்பு தடுக்கப்படுகிறது என்பதை ஒப்பீட்டு ஆய்வின் மூலம் உறுதிசெய்தனர்.

எலும்பை அளத்தல்

சாதாரண எக்ஸ்-ரே படத்தில் எலும்பு இழப்பு தெரிவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலும்பு போய்விடுகிறது. ஆகவே முறிவுக்கு முன்பே நோயைக் கண்டறிய வழியில்லாமல் இருந்தது. 1963இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் கேமரனும் ஜேம்ஸ் சோரென்சனும் கதிரியக்க அயோடின் கதிரைக் கையெலும்பின் வழியே செலுத்தி, அதிலுள்ள கனிமத்தின் அளவைக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். 1980களின் பிற்பகுதியில் இரு ஆற்றல் எக்ஸ்-ரே கருவியான 'டெக்ஸா' நடைமுறைக்கு வந்தது. மிகக் குறைந்த கதிரில், சில நிமிடங்களில் இடுப்பையும் முதுகெலும்பையும் அதனால் அளக்க முடிந்தது.

1994இல் உலக சுகாதார அமைப்பின் குழு இந்த அளவீட்டுக்கு எல்லை வகுத்தது. ஒருவரின் அடர்த்தி இளம் வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை 'டி-ஸ்கோர்' குறிக்கிறது. அது -1 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு, -1க்கும் -2.5க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, -2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் எலும்புப்புரை.

எண் வந்ததால் நோயைக் கண்டறிவது எளிதானது. ஆனால் முறிவு நேர்ந்தவர்களில் பலரின் டி-ஸ்கோர் -2.5ஐ எட்டியிருக்கவில்லை. அதனால் வயது, முந்தைய முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகைபிடித்தல், மது, ஸ்டீராய்டு மருந்து முதலியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் 'ஃப்ராக்ஸ்' என்னும் கணிப்பு முறையை ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஜான் கேனிஸ் குழுவினர் 2008இல் வெளியிட்டனர்.

ஃபுளோரைடு தந்த பாடம்

அடர்த்தி வேறு, வலிமை வேறு என்பதைத் தெளிவாக உணர்த்தியது ஃபுளோரைடு. 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்த மக்களிடம் காணப்பட்ட எலும்பு நோயை ஷார்ட் முதலான ஆய்வாளர்கள் விவரித்தனர். அவர்களின் எலும்புகள் எக்ஸ்-ரே படத்தில் இயல்பைவிட அடர்த்தியாகத் தெரிந்தன. ஆனால் அவர்களோ முதுகு விறைத்து, மூட்டுகள் மடங்காமல் துன்புற்றனர்.

ஃபுளோரைடு எலும்பை அடர்த்தியாக்கும் என்றால் அதையே மருந்தாக்கலாம் என்ற எண்ணம் பின்னர் மேலைநாடுகளில் எழுந்தது. 1990இல் மாயோ கிளினிக்கின் லாரன்ஸ் ரிக்ஸ் குழுவினர் 202 பெண்களிடம் நான்காண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். சோடியம் ஃபுளோரைடு பெற்றவர்களின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் உயர்ந்திருந்தது. முதுகெலும்பு முறிவுகளோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பிற எலும்புகளின் முறிவுகள் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தன. அதன்பின், அடர்த்தியை உயர்த்துவதாகக் காட்டினால் மட்டும் போதாது, முறிவைக் குறைப்பதாகவும் ஒரு மருந்து நிரூபிக்கப்பட வேண்டும் என்பது வலியுறுத்தப்பட்டது.

ஹார்மோன் சிகிச்சையின் ஏற்றமும் இறக்கமும்

ஆல்பிரைட்டின் கண்டுபிடிப்புக்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஈஸ்ட்ரோஜனே முதன்மைச் சிகிச்சையாக இருந்தது. அதைத் தனியாக எடுத்துக்கொள்வது கருப்பைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கிறது என்று 1975இல் தெரியவந்தது. கருப்பை உள்ளவர்களுக்கு புரோஜெஸ்டின் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் இக்கூட்டுச் சிகிச்சையைச் சோதித்த பெரும் ஆய்வு 2002இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு 10,000 பெண்களுக்கு இடுப்பு முறிவு 5 குறைந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய் 8, பக்கவாதம் 8, நுரையீரல் இரத்தக் கட்டி 8, இதய நோய் நிகழ்வு 7 என்ற அளவில் கூடின. அதன்பின் எலும்புக்காக மட்டும் நெடுங்காலம் ஹார்மோன் கொடுப்பது பெரிதும் குறைந்தது. மாதவிடாய் இளவயதிலேயே நின்றுவிட்ட பெண்களுக்கு இச்சிகிச்சை இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது.

நீர்க்குழாயிலிருந்து வந்த மருந்து

குழாய்களில் சுண்ணாம்பு படியாமல் இருக்க நீரில் பாஸ்பேட் சேர்மங்களைக் கலப்பது தொழிற்சாலைகளின் வழக்கம். அவற்றை ஒத்த பைரோபாஸ்பேட் என்னும் பொருள் மனித உடலிலும் இருப்பதையும், அது கால்சியம் படிவதைத் தடுப்பதையும் சுவிட்சர்லாந்து அறிஞர் ஹெர்பர்ட் ஃபிளைஷ் கண்டார். ஆனால் அதை வாய்வழி கொடுத்தால் சிதைந்துவிடும். சிதையாத மாற்றுப் பொருளைத் தேடிய ஃபிளைஷ், கிரகாம் ரஸ்ஸல், டேவிட் ஃபிரான்சிஸ் ஆகியோர் பிஸ்பாஸ்போனேட்டுகளின் பண்புகளை 1969இல் வெளியிட்டனர். இவை எலும்பின் கனிமத்தில் ஒட்டிக்கொள்கின்றன. எலும்பைக் கரைக்கும் உயிரணு அவற்றை உட்கொண்டு செயலிழக்கிறது.

இவ்வகையைச் சேர்ந்த அலெண்ட்ரோனேட் 1995இல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு ஒப்புதல் பெற்றது. ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு கண்ட 2,027 பெண்களிடம் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், இடுப்பு முறிவும் முதுகெலும்பு முறிவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இம்மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் தண்ணீருடன் விழுங்கி, குறைந்தது 30 நிமிடம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். நெடுங்காலப் பயன்பாட்டில் தாடை எலும்பு அழுகல், தொடை எலும்பில் வழக்கத்துக்கு மாறான முறிவு ஆகியவை அரிதாக நேர்வது 2003க்குப் பின் தெரியவந்தது. ஆகவே சுமார் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மருந்தைத் தொடர்வதா என்று மருத்துவர்கள் மறுஆய்வு செய்கின்றனர்.

ஆண்களின் எலும்பு

ஆல்பிரைட்டின் நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்களாக இருந்ததால், இது பெண்களின் நோய் என்ற எண்ணம் வேரூன்றியது. ஆண்களின் எலும்பை டெஸ்டோஸ்டிரோன் காக்கிறது என்றே நம்பப்பட்டது. 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி எழுதினர். மரபுக் குறைபாட்டால் அவர் உடல் ஈஸ்ட்ரோஜனை உணரவில்லை. அவருடைய டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில் இருந்தது. ஆயினும் 204 செ.மீ. உயரம் வளர்ந்திருந்த அவருடைய எலும்பு முனைகள் மூடவில்லை; எலும்பு அடர்த்தியும் மிகக் குறைவு. ஆணின் எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன் இன்றியமையாதது என்பது இதனால் புலப்பட்டது.

2000ஆம் ஆண்டில் ஆண்களிடமும் அலெண்ட்ரோனேட் பயன் தருவது ஆய்வில் உறுதியானது. அதே ஆண்டு, 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 6,000 ஆண்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு அமெரிக்காவில் தொடங்கியது. ஆண்களுக்கு முறிவு குறைவாக நேர்ந்தாலும், இடுப்பு முறிவுக்குப் பின் ஓராண்டுக்குள் இறப்போர் விகிதம் பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். நெடுநாள் ஸ்டீராய்டு, மது, புகை, டெஸ்டோஸ்டிரோன் குறைவு, புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை ஆகியவை ஆண்களிடம் காணப்படும் முக்கியக் காரணங்கள்.

புதிய மருந்துகள்

பாராதைராய்டு ஹார்மோன் எப்போதும் மிகுந்திருந்தால் எலும்பைக் கரைக்கும். அதையே சிறிய அளவில் நாள்தோறும் ஊசியாகச் செலுத்தினால் எலும்பைக் கட்டும். இந்த முரணைப் பயன்படுத்திய டெரிபாராடைடு 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் உருவாவதைத் தடுக்கும் டெனோசுமாப் 2010இல் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் இந்த ஊசியை மாற்று மருந்தின்றி நிறுத்தினால் எலும்பு இழப்பு வேகமாகத் திரும்பி, முதுகெலும்புகள் முறியக்கூடும். தென்னாப்பிரிக்காவில் அளவுக்கு மீறி எலும்பு வளரும் அரிய மரபுநோய் கொண்ட குடும்பங்களை ஆராய்ந்ததில் ஸ்கிளரோஸ்டின் என்னும் புரதம் தெரியவந்தது. அதைத் தடுக்கும் ரோமோசோசுமாப் 2019இல் ஒப்புதல் பெற்றது.

தடுப்பு முறைகள்

1992இல் பிரான்சில் முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 3,270 பெண்களிடம் நடந்த ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டியும் பெற்றவர்களுக்கு 18 மாதங்களில் இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. 2022இல் அமெரிக்காவில் வெளியான 25,871 பேர் பங்கேற்ற ஆய்விலோ, வைட்டமின் டி மாத்திரை முறிவைக் குறைக்கவில்லை. முன்னவர்கள் வெயில் படாமல் வாழ்ந்த, சத்துக்குறைவுள்ள முதியவர்கள்; பின்னவர்கள் பொதுவாக நலமானவர்கள். ஆகவே குறைபாடு உள்ளவர்களுக்கே வைட்டமின் டி பயன் தருகிறது என்று கொள்ளலாம்.

வெயில் மிகுந்த இந்தியாவிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக உள்ளது. பொம்மர் பிரித்துக் காட்டிய ஆஸ்டியோமலேசியாவும் டெக்ஸா கருவியில் குறைந்த அடர்த்தியாகவே தெரியும். எனவே மருந்தைத் தொடங்குமுன் இரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி அளவுகளைப் பார்த்து, குறைபாட்டைச் சரிசெய்வது அவசியம்.

எலும்பின் அடர்த்தி சுமார் 30 வயதுக்குள் உச்சத்தை அடைகிறது. இளமையில் சேரும் எலும்பே முதுமைக்கான இருப்பு ஆகும். பால், தயிர், கேழ்வரகு, எள், கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவை கால்சியம் தருபவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம் உண்டு. சுமை தாங்கும்போதே எலும்பு உறுதிப்படுகிறது. எடையற்ற நிலையில் வாழும் விண்வெளி வீரர்கள் இடுப்பு முதலிய இடங்களில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் எலும்பை இழப்பது இதற்குச் சான்று. நடை, படியேறுதல், எடைப்பயிற்சி ஆகியவை எலும்பைக் காக்கும். முதியவர்களுக்கு வழுக்காத குளியலறைத் தரை, இரவு விளக்கு, கண் பரிசோதனை ஆகியவை விழுவதைத் தடுக்கும்.

இன்றைய நிலை

இன்று நோயைக் கண்டறியும் கருவியும் பயனுள்ள மருந்துகளும் உள்ளன. ஆயினும் எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கட்டுப் போட்டோ அறுவை செய்தோ அனுப்பப்படுகின்றனர். எலும்புப்புரைக்கான சோதனையோ சிகிச்சையோ அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒருமுறை முறிவு கண்டவருக்கு மறுமுறிவு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. இக்குறையைப் போக்க, முறிவுடன் வரும் 50 வயதைக் கடந்த ஒவ்வொருவரையும் தேடிச் சோதிக்கும் தனிச் சேவை 1999இல் கிளாஸ்கோவில் தொடங்கப்பட்டு, பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. உயரம் 4 செ.மீ. அளவுக்குக் குறைதல், முதுகு கூனுதல், நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிதல் ஆகியவற்றை ஆணாயினும் பெண்ணாயினும் வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.