மெத்தென்ற வில்லும் விறைப்பான வில்லும்

கட்டை வண்டியில் சென்றவருக்குத்தான் வில்வண்டியின் அருமை தெரியும். சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறி இறங்கினால், கட்டை வண்டியில் அமர்ந்திருப்பவரும் அதனுடன் ஏறி இறங்குவார். வில்வண்டியிலோ, அச்சுக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள எஃகுப் பட்டைகள் வளைந்து கொடுத்து அந்த அடியைத் தாமே வாங்கிக்கொள்ளும்.

மணிக்கு 300 கிலோமீட்டர் ஓடும் இன்றைய விரைவுக் கார்களுக்கும் இதே வில்தான் தலைவலி என்றால் வியப்பாக இருக்கலாம். இத்தகைய காரை வாங்குபவர் அதனிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்க்கிறார். நெடுஞ்சாலையில் நாள் முழுதும் ஓட்டினாலும் இடுப்பு வலிக்கக் கூடாது. அதே கார் பந்தயக் களத்தில் இறங்கினால், வளைவுகளில் சாயாமல், ஒரு விநாடியும் வீணாகாமல் பாய வேண்டும். முதல் வேலைக்கு மெத்தென்ற வில் வேண்டும். இரண்டாவதற்கு விறைப்பான வில் வேண்டும். ஒரே வில் இரண்டாகவும் இருப்பது எப்படி? ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகப் பொறியியலார் இக்கேள்வியுடன் போராடி வருகின்றனர். அந்த வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

ஒரு நூலும் ஒரு கல்லும்

முதலில் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி, தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் நடுவரை 25 செ.மீ. இருக்குமாறு ஆணியில் மாட்டுங்கள். மெல்ல ஆட்டிவிட்டால், ஒரு முழு அலைவுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். நீளத்தை 6 செ.மீ. ஆக்கினால் விநாடிக்கு 2 அலைவுகள். 1 செ.மீ. ஆக்க முடிந்தால் விநாடிக்கு 5 அலைவுகள்.

இந்த ஊசலுக்கும் காருக்கும் என்ன உறவு? வில்லின்மேல் அமர்ந்த பொருளின் அலைவுக் காலம், நிறையை வில் மாறிலியால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காரின் எடையால் வில் எவ்வளவு அமிழ்கிறது? எடையை வில் மாறிலியால் வகுத்தால் அது கிடைக்கும். எடை என்பது நிறையையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வருவதுதானே! எனவே நிறையை வில் மாறிலியால் வகுப்பதும், அமிழ்வை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுப்பதும் ஒன்றே. அதாவது, வில் 25 செ.மீ. அமிழ்ந்தால், கார் 25 செ.மீ. நீள ஊசலைப் போலவே விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆடும், 1 செ.மீ. மட்டும் அமிழும் விறைப்பான வில்லானால் விநாடிக்கு 5 முறை ஆடும்.

விநாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை அலைவு நம் உடலுக்குத் தொல்லை தருவதில்லை. நாம் நடக்கும்போது உடல் விநாடிக்கு ஏறக்குறைய 2 முறை ஏறி இறங்குகிறது, அதற்குப் பழகிவிட்டோம். ஆனால், விநாடிக்கு 4 முதல் 8 வரையுள்ள செங்குத்து அதிர்வுகளை நம் உடலால் தாங்க முடிவதில்லை. வயிற்று உறுப்புகளும் முதுகெலும்பும் அந்த வீச்சில்தான் ஒத்ததிர்கின்றன. மனித உடலும் அதிர்வும் பற்றி 1974-ல் வெளியான சர்வதேசத் தர நிர்ணயமும் இந்த வீச்சையே மிகுந்த உணர்திறன் உள்ளதாகக் குறித்தது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

சாய்வு எனும் எதிரி

மெத்தென்ற வில் இவ்வளவு சுகமானால் விறைப்பு எதற்கு? கார் வளைவில் திரும்பும்போது, சாலை டயர்களை வளைவின் உட்புறமாகத் தள்ளுகிறது. காரின் ஈர்ப்பு மையமோ சாலைக்கு மேலே இருக்கிறது. ஆகவே ஒரு திருப்புத்திறன் தோன்றி, காரின் உடலை வெளிப்புறமாகச் சாய்க்கிறது. வில் மெத்தென்றிருந்தால் சாய்வு மிகும். அதனுடன் சக்கரங்களும் சாய்ந்தால், டயரின் முழு அகலமும் தரையில் படியாது. ஸ்டியரிங்கைத் திருப்பிய பின் கார் சாய்ந்து நிலைகொள்ளச் சிறிது நேரமும் ஆகும்.

எனவே தொடக்ககாலப் பந்தயக் கார்களில் வில்பட்டைகளை மிகவும் விறைப்பாக அமைத்தனர். ஆனால் அவற்றின் சட்டகங்கள் வலுவற்றவை. வில் வளைய மறுத்தால் சட்டகம் முறுக்கிக்கொண்டது. வில் செய்ய வேண்டிய வேலையைச் சட்டகம் செய்தது. அதுவும் கட்டுப்பாடின்றிச் செய்தது.

இதைத் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஒருவர் ஜெர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் பொறியியலாளர் ருடால்ஃப் ஊலன்ஹௌட். 1936-ல் அந்நிறுவனத்தின் பந்தயக் கார்கள் பல பந்தயங்களில் தோல்வி கண்டன. ஊலன்ஹௌட் மேசையில் அமர்ந்து கணக்குப் போட்டதோடு நிற்கவில்லை. ஏறத்தாழ 23 கி.மீ. சுற்றுள்ள நூர்பர்க்ரிங் மலைப்பாதையில் பந்தயக் காரைத் தாமே ஓட்டிப் பார்த்தார். சட்டகம் வளைகிறது, வில் வளையவில்லை என்று கண்டுகொண்டார். 1937-ல் வந்த டபிள்யூ 125 என்ற காரில் இதைத் தலைகீழாக மாற்றினார்: சட்டகம் விறைப்பானது, வில் மெத்தென்றானது, சக்கரங்கள் மேலும் கீழும் நகர அதிக இடம் கிடைத்தது. அவ்வாண்டின் ஐரோப்பியப் பட்டத்தை அக்காரில் ருடால்ஃப் கராச்சியோலா வென்றார்.

இங்கே ஒரு முக்கியமான உண்மை வெளிப்படுகிறது. மெத்தென்ற வில் சுகத்திற்கு மட்டுமன்று. மேடுபள்ளமான பாதையில் விறைப்பான வில்லுள்ள சக்கரம் துள்ளிக் குதிக்கும். காற்றில் நிற்கும் டயருக்கு உராய்வு ஏது? உராய்வு இல்லையேல் திருப்பமும் இல்லை, பிரேக்கும் இல்லை. சுகமும் வேகமும் எப்போதும் பகையாளிகள் அல்ல.

எடையைக் குறைத்தவர்

இந்தப் பாடத்தை நன்கு பின்பற்றியவர் இங்கிலாந்தின் காலின் சாப்மன். லோட்டஸ் நிறுவனத்தின் தலைவரான இவர் 1962-ல் ‘எலான்’ என்ற சிறு விரைவுக் காரை வெளியிட்டார். நடுவே முதுகெலும்பு போல் ஓடும் எஃகுச் சட்டகம், அதன்மேல் கண்ணாடியிழை உடல். முதலில் வந்த கார்களின் எடை 700 கி.கி.க்கும் குறைவு.

எடை குறைந்தால் என்ன பயன்? அதே அலைவெண்ணைப் பெற மெல்லிய வில் போதும். வளைவில் சாய்க்கும் திருப்புத்திறனும் குறையும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. காரின் உடல் இலேசாகி, சக்கரங்கள் மட்டும் கனமாகவே இருந்தால், துள்ளும் சக்கரம் உடலை உலுக்கிவிடும். எனவே சக்கரத்தையும் அதனுடன் அசையும் உறுப்புகளையும் சேர்த்தே இலேசாக்க வேண்டும். எலானில் மெத்தென்ற வில்லும், அதன் ஆட்டத்தை அடக்கும் நன்கு அளந்தமைத்த ஷாக் அப்சார்பரும் இணைந்தன. வளைவுகளில் அது கனத்த கார்களைத் திணறடித்தது, ஓட்டியவரை வதைக்கவுமில்லை. சிக்கல் தீர்ந்தது போலவே தோன்றியது.

காற்று அழுத்தியபோது

அதைக் கலைத்தவரும் சாப்மனே! 1977-ல் லோட்டஸ் 78, 1978-ல் லோட்டஸ் 79 என்ற பந்தயக் கார்களின் அடிப்புறத்தை, கவிழ்த்த விமான இறக்கை போல் அவருடைய குழுவினர் அமைத்தனர். காருக்கும் தரைக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் காற்று விரைந்து ஓடும்போது அங்கு அழுத்தம் குறைகிறது. மேலிருக்கும் காற்று காரைத் தரையோடு அழுத்துகிறது. எடை கூடாமலே டயரின் பிடி கூடுகிறது. 1978-ல் மாரியோ ஆண்ட்ரெட்டி லோட்டஸ் காரில் உலகப் பட்டம் வென்றார்.

ஆனால் இந்த விசை வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் வளர்வது. சில ஆண்டுகளில் அது மிகு வேகத்தில் காரின் எடையையே எட்டி, அதையும் தாண்டியது. இப்போது நம் ஊசல் கணக்கிற்கு வருவோம். 25 செ.மீ. அமிழும் வில்லின்மேல் இன்னொரு காரின் எடையளவு விசை அழுத்தினால், கார் மேலும் 25 செ.மீ. கீழிறங்க வேண்டும். தரைக்கும் காருக்கும் இடைவெளியோ சில செ.மீ.தான்! எனவே 1 செ.மீ. அளவே அமிழும் வில்லைப் பொருத்துவதன்றி வேறு வழியில்லை. அத்தகைய வில் விநாடிக்கு எத்தனை முறை ஆடும்? ஐந்து முறை. உடல் தாங்காத அதே வீச்சு!

1981, 1982 ஆண்டுகளின் பந்தய ஓட்டுநர்கள் முதுகு வலியாலும், பார்வை கலங்குவதாலும் துன்புற்றனர். சக்கரங்கள் சற்றும் அசையாத அந்தக் கார்கள், இயற்பியல் நோக்கில், மீண்டும் கட்டை வண்டிகளே.

ஒரு காருக்குள் இரண்டு கார்

சாப்மன் இதற்குக் கண்ட விடை வியக்கத்தக்கது. 1981-ல் அவர் கொண்டுவந்த லோட்டஸ் 88 காரில் இரண்டு சட்டகங்கள் இருந்தன. காற்றின் அழுத்தத்தை ஏற்கும் வெளிக்கூடு, விறைப்பான விற்களால் சக்கரங்களுடன் இணைந்திருந்தது. ஓட்டுநரும் என்ஜினும் இருந்த உட்கூடோ மெத்தென்ற விற்களின்மேல் அமர்ந்திருந்தது. காற்றுக்கு ஒரு வில், மனிதனுக்கு ஒரு வில்!

மற்ற குழுவினர் எதிர்த்தனர். காற்றின் விசையைப் பெறும் உறுப்புகள் காரின் உடலைச் சார்ந்து அசையக் கூடாது என்ற விதியைக் காட்டி அக்காரைத் தடுத்தனர். பயிற்சி ஓட்டங்களில் ஓடிய லோட்டஸ் 88 ஒரு பந்தயத்திலும் கலந்துகொள்ளவில்லை. 1983 முதல் காரின் அடிப்புறம் தட்டையாக இருக்க வேண்டும் என்ற புதிய விதி வந்தது. அதைக் காண்பதற்கு முன்பே, 1982 டிசம்பரில், சாப்மன் 54 வயதில் காலமானார்.

எண்ணெயும் கணிப்பொறியும்

எனினும் அவர் தொடங்கிவைத்த மற்றொரு முயற்சி தொடர்ந்தது. லோட்டஸின் பீட்டர் ரைட்டும் அவருடைய குழுவினரும், வில்லின் வேலையை எண்ணெய் நிரம்பிய உருளைகளிடம் ஒப்படைத்தனர். சக்கரத்தின் அசைவையும் உடலின் முடுக்கத்தையும் உணர்கருவிகள் அளக்கும், கணிப்பொறி கணக்கிடும், வால்வுகள் திறந்து மூடி எண்ணெயைச் செலுத்தும். வளைவில் விறைப்பாகவும், நேர்ப்பாதையில் மெத்தென்றும் இருக்கும்படி அதற்குக் கட்டளையிடலாம்.

1983-ல் லோட்டஸ் 92 காரில் இம்முறை பந்தயத்திற்கு வந்தது. 1987-ல் லோட்டஸ் 99டி காரில் அயர்ட்டன் சென்னா மொனாக்கோவிலும் டெட்ராய்ட்டிலும் வென்றார். இவ்விரண்டும் தனிக் களங்கள் அல்ல. மேடுபள்ளங்கள் உள்ள நகரத் தெருக்கள் என்பது கவனிக்கத்தக்கது. 1992-ல் இதே வழியில் அமைந்த வில்லியம்ஸ் கார் 16 பந்தயங்களில் 10-ஐ வென்றது. 1994 முதல் இம்முறையும் பந்தயத்தில் தடை செய்யப்பட்டது. சாலைக் கார்களிலோ, அதன் விலையும் எடையும், அது விழுங்கிய என்ஜின் ஆற்றலும் தடையாக நின்றன.

வானத்தில் மாட்டிய தணிப்பான்

சாலைக் காருக்கு வழி காட்டியது வேறொரு சிந்தனை. வில்லை மாற்றாமல், அதன் ஆட்டத்தை அடக்கும் தணிப்பானை மட்டும் மாற்றினால் என்ன? 1974-ல் கார்னாப், கிராஸ்பி முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கற்பனையை முன்வைத்தனர். தணிப்பானின் ஒரு முனையைக் காரிலும் மறுமுனையை வானத்திலும் மாட்டினால், சாலை எப்படி இருந்தாலும் கார் ஆடாதல்லவா? வானத்தில் மாட்ட இயலாது. ஆனால், சக்கரத்திற்கும் உடலுக்கும் இடையிலுள்ள தணிப்பானைத் தக்க கணத்தில் இறுக்கியும் தக்க கணத்தில் தளர்த்தியும் ஏறக்குறைய அதே விளைவைப் பெறலாம் என்று காட்டினர். இதற்கு மிகச் சிறிய ஆற்றலே போதும்.

விரைவாக இறுகித் தளரும் தணிப்பானுக்கு வேண்டிய பொருளோ முன்பே தயாராக இருந்தது. 1940-களின் இறுதியில் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் ஜேக்கப் ரேபினோ, நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்த எண்ணெயை ஆராய்ந்தார். காந்தப்புலம் இல்லாதபோது அது எண்ணெய் போல் ஓடும். புலம் செலுத்தினால் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ள, அது கூழ் போல் இறுகும். கம்பிச்சுருளில் மின்னோட்டத்தை மாற்றினால் போதும். ஆயிரத்தில் சில பங்கு விநாடியில் தணிப்பின் அளவு மாறிவிடும். 2002-ல் காடிலாக் கார் ஒன்றிலும், 2006-ல் ஃபெராரி 599 விரைவுக் காரிலும் இத்தகைய தணிப்பான்கள் இடம்பெற்றன. 2022-ல் அறிமுகமான ஃபெராரி புரோசாங்குவேயில் ஒவ்வொரு தணிப்பானையும் மின்மோட்டார் இயக்குகிறது. பந்தயக் களத்தினின்று விலக்கப்பட்ட லோட்டஸின் கருத்து, வேறு உருவில் சாலைக்கு வந்து சேர்ந்தது.

அப்படியானால் சிக்கல் முற்றிலும் தீர்ந்ததா? இல்லை. மின்கலங்கள் சுமக்கும் இன்றைய மின்சார விரைவுக் கார்கள் சில 2,000 கி.கி.க்கும் மேல் எடையுள்ளவை. மூன்று எலான்களின் எடையை ஒரே கார் சுமக்கிறது. அந்த நிறையை வளைவில் அடக்கக் கணிப்பொறி ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கிறது. சாப்மன் நிறையைக் குறைத்துப் பெற்றதை, இன்று கருவிகளைக் கூட்டிப் பெறுகிறோம்.

அடுத்தமுறை பேருந்தின் கடைசி இருக்கையில் தூக்கிப் போடும்போது, ஓட்டுநரையோ சாலையையோ நொந்துகொள்வதற்கு முன், வண்டி விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பின்பு வீட்டிற்கு வந்து, அதே வேகத்தில் ஆடும் ஊசல் எவ்வளவு நீளம் என்று அளந்து பாருங்கள். பேருந்தின் வில் எவ்வளவு அமிழ்ந்திருந்தது என்பதை அந்த நூல் சொல்லிவிடும். கோடி ரூபாய்க் காருக்கும் வில்வண்டிக்கும் அதே நூல்தான் அளவுகோல்!